சாட்டின் உறை

எங்கள் வீட்டில் உறை போடாத சாமான் கிடையாது. ஃப்ரிஜ், மிக்ஸி, சிலிண்டர், டிவி ரிமோட் என்று எல்லாவற்றுக்கும் நானே தைத்துப் போட்டிருக்கிறேன். தாராவியில் ஒற்றை அறையில் தையல் மெஷினோடு குடித்தனம் பண்ணிப் பார்த்தால்தான் நூல் தூசி எங்கெல்லாம் போய் உட்காரும் என்று தெரியும். இதைக் கேலி பண்ணுகிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

கம்ப்யூட்டருக்கும் ஒன்று தைத்தேன். அது என் மகள் ரீனாவுடையது. கல்யாணமாகி நெருளுக்குப் போகும்போது, "நீயே வச்சுக்கோ மம்மி, டிசைன் போட உதவும்" என்று விட்டுவிட்டுப் போனாள். அவள் கல்யாண கவுனில் மிஞ்சிய சாட்டின் துணிக்கு உள்ளே ரெக்ஸின் கொடுத்து, மேசைக்கடியில் நிற்கும் சிபியு பெட்டிக்குக் கச்சிதமாக ஒரு உறை போட்டேன். ஸ்விட்சுக்கு ஒரு துளை, பென்டிரைவுக்கு ஒரு துளை, பின்னால் வயர் போக ஒரு கீறல். கடையில் காசு கொடுத்தாலும் அப்படி ஒன்று கிடைக்காது.

இந்த வருஷம் எங்கள் மாதா கோயிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும் பெண்பிள்ளைகளுக்கு வெள்ளை கவுன் என் பொறுப்பு. நெஞ்சில் திராட்சைக் குலையும் கோதுமைக் கதிரும் வர வேண்டும் என்று டிசைனைக் கம்ப்யூட்டரில் நானே வரைந்தேன். அதைத் துணியில் பூவாக்கித் தருவது குர்லாவில் எம்பிராய்டரி மெஷின் வைத்திருக்கும் பைசான். பென்டிரைவைச் செருகிப் பார்த்தவன் உடனே உருவிவிட்டான்.

"ஆண்ட்டி, இதுல வைரஸ் இருக்கு. என் மெஷினுக்கு ஏறிச்சுன்னா தந்தா பந்த், பொழப்பே போச்சு. வீட்டு கம்ப்யூட்டர்ல ஃபுல் ஸ்கேன் போடுங்க. முடிஞ்சதும் ஸ்க்ரீன போட்டோ எடுத்து அனுப்புங்க. திங்கக்கிழமை மெஷின் பூரா உங்களுக்குத்தான். அத விட்டா டைம் இல்ல ஆண்ட்டி."

அந்தத் திங்களுக்கு அடுத்த ஞாயிறு புதுநன்மை. திங்களை விட்டால் பிள்ளைகள் வெறும் வெள்ளைத் துணியோடு பீடத்துக்குப் போக வேண்டியதுதான்.

ஸ்கேனைப் போட்டேன். அறுபது சதவீதம் தாண்டியதும் கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. கரண்ட் போகவில்லை, தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. மறுபடி போட்டேன், மறுபடியும் அணைந்தது. ரீனாவுக்குப் போன் போட்டால், தானாகத் தூங்கப் போகிற செட்டிங்கை நிறுத்து, வேண்டாத ஃபைலை அழி, ஆன்ட்டிவைரஸை அப்டேட் பண்ணு என்று வரிசையாகச் சொன்னாள். எல்லாம் செய்தேன். சும்மா டிசைன் போட்டால் ஒழுங்காக ஓடுகிறது, ஸ்கேன் என்றால் பாதியில் படுத்துவிடுகிறது. அந்த வாரம் அதை நான் திட்டிய திட்டை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்ல முடியாது.

என் வீட்டுக்காரர் ஏசுதாஸ் விக்ரோலியில் ஃபிட்டர். சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு விசேஷம். முதல் நாளே குனிந்து உறைக்குள் கையை விட்டுப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல."

இப்படி ஒரு மனுசன். பூசைக்குக்கூடச் சட்டையின் மேல் பட்டனைத் திறந்துபோட்டுத்தான் வருவார். ரவுடி மாதிரி இருக்கிறது என்று நான் வழிநெடுக ஏசிக்கொண்டே போவேன். அவர் பட்டன் திறந்தபடியே நடப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், "முட்டு வலிக்கு. நீ போயிட்டு வா" என்றார். காய்ச்சலோடும் பூசைக்கு வருகிறவர். எனக்கு அப்போதே சந்தேகம். அன்றைக்குப் பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசிக்க வேண்டியவள் நான். கோயில் வாசலில் பையைத் துழாவினால் கண்ணாடி இல்லை. வந்த வேகத்தில் திரும்பினேன்.

கதவு ஒருக்களித்திருந்தது. அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். சாட்டின் உறை மடித்து மடியில் இருந்தது. ஒரு சேலைப் பெட்டியின் மூடியால், தூங்குகிற பிள்ளைக்கு விசிறுவது போலச் சிபியுவுக்கு விசிறிக்கொண்டிருந்தார். திரையில் தொண்ணூற்றொன்று.

என்னைக் கண்டதும் அவசரமாக உறையை எடுத்து மாட்டப் பார்த்தார்.

"அத வைங்க. என்ன நடக்கு இங்க?"

"சூடாவுது ஏட்டி. ஸ்கேன் ஓடும்போது முழு வேகத்துல வேல செய்யும்லா. பின்னால இருக்க ஃபேன் சூட்ட வெளிய தள்ளணும். மூடியிருந்தா எங்க தள்ளும்? கரிஞ்சிரக் கூடாதுன்னு அதுவே அணைஞ்சிருது."

"இது எப்பத் தெரியும்?"

"மொத நாளே. தொட்டுப் பாத்தேம்லா."

"வாயில என்ன, கொழுக்கட்டையா? ஒரு வாரமா நான் கெடந்து சாவுதேன்."

அவர் சாட்டினை ஒருமுறை தடவிவிட்டுச் சொன்னார். "ரீனா போன அன்னைக்கு நீ அழுதுகிட்டே தச்சது, லூர்து. அதப் போயி கழத்திப் போடுன்னு எப்பிடிச் சொல்ல? நீ பூசைக்குப் போற நேரமா பாத்து முடிச்சிரலாம்னு நெனச்சேன்."

ஏச வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அழுகை முந்திக்கொண்டது. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் இந்த மனுசன்மேல் இவ்வளவு ஆசை எனக்குள் கிடக்கிறதே என்று இருந்தது. வாசகத்தை வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லி கோயில் உபதேசியாருக்குப் போன் பண்ணிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து மூடியை வாங்கி நான் விசிறினேன்.

நூறு வந்தது. இருந்த வைரஸை எடுத்தாயிற்று என்று காட்டியது. பென்டிரைவையும் செருகிச் சுத்தம் பண்ணி, போட்டோவைப் பைசானுக்கு அனுப்பினேன். "ஆ ஜாவ் ஆண்ட்டி, நாளைக்குக் காலையில வந்துருங்க" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான்.

பிறகு கத்தரியை எடுத்தேன். அவர் பதறினார். உறையின் பின்பக்கத்தையும் இரண்டு பக்கங்களையும் வெட்டியெடுத்து, பிள்ளைகளின் முக்காட்டுக்கு வாங்கிய வலையை அந்த இடத்தில் வைத்துத் தைத்தேன். போட்டுப் பார்த்தால் அழகு கொஞ்சமும் குறையவில்லை.

"வேற என்னவெல்லாம் எங்கிட்டச் சொல்லாம வச்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல."

"மாதா மேல சத்தியமா?"

சத்தியம் என்றால் அவருக்குப் பயம். கை மெதுவாகக் கழுத்துக்குப் போனது.

"நீ தைக்க சட்டையில காலரு கொஞ்சம் இறுக்கும். மேல் பட்டனப் போட்டா மூச்சு முட்டும்."

"எப்பருந்து?"

"ரீனா பள்ளிக்கூடம் போன காலத்துலருந்து."

ஊரிலுள்ள கழுத்தையெல்லாம் டேப் வைத்து அளக்கிறவள் நான். இவரை மட்டும் அளந்ததே இல்லை. கல்யாணத்துக்குத் தைத்த சட்டையின் அளவு எனக்கு மனப்பாடம், அதிலேயே வெட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

டேப்பைக் கொண்டுவந்து அவர் கழுத்தில் சுற்றினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மூச்ச விடுங்க" என்றேன்.

எல்லாருக்கும் ஒரு விரல் உள்ளே விட்டு அளப்பேன். அவருக்கு இரண்டு விரல் விட்டேன்.