ஜோதிகாவின் மானிட்டர்

திருவொற்றியூருக்கு வடக்கே, எண்ணூர் போகிற சாலையை ஒட்டிய ஒரு கன்டெய்னர் யார்டின் அலுவலகத்தில் ஜோதிகா பல வருடங்களாக வேலை பார்த்தாள். வருகிற பெட்டிகளையும் போகிற பெட்டிகளையும் கம்ப்யூட்டரில் பதிவது அவள் வேலை. டீ குடிக்க எழுந்தாலும், டிரைவரிடம் கையெழுத்து வாங்க ஜன்னலுக்குப் போனாலும் மானிட்டரின் பொத்தானை அமுக்கித் திரையை அணைத்துவிட்டுத்தான் நகர்வாள். கம்ப்யூட்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். கரண்டும் மிச்சம், திரைக்கும் ஆயுசு கூடும் என்பாள். பார்க்க ஆளில்லாமல் ஒன்று எரிவது அவளுக்குப் பொறுக்காது.

பக்கத்து மேஜையில் பெனிஷா. ராயபுரத்துப் பெண். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. காலையில் போட்டால் அவள் திரை சாயங்காலம் வரை எரியும், மறந்துவிட்டால் ராத்திரியும் எரியும். ஒரு நாள் அதன் நடுவே கோடு விழுந்தது. அடுத்த வாரமே திரை மொத்தமும் கறுத்துப்போனது. மேனேஜர் வேதமாணிக்கம் பெனிஷாவைத் திட்டினார், ஆனால் அகலமான புது மானிட்டர் ஒன்றையும் வாங்கிப் போட்டார்.

எழுத்து மங்கலாகத் தெரிகிறது, தலை வலிக்கிறது என்று ஜோதிகா முன்பே அவரிடம் சொல்லியிருந்தாள். இப்போது மறுபடியும் போய், தனக்கும் ஒன்று மாற்றித் தரச் சொல்லிக் கேட்டாள்.

“உன்னுது நல்லாத்தானேம்மா இருக்கு. குழந்தை மாதிரி பாத்துக்கிற. இன்னும் ரொம்ப நாள் வரும்” என்றார். அவர் பாராட்டாகத்தான் சொன்னார்.

அதன்பிறகு பக்கத்து மேஜையைப் பார்க்கும்போதெல்லாம் ஜோதிகாவுக்கு வயிறு எரிந்தது. கப்பல் பட்டியலும் லாரிப் பட்டியலும் பெனிஷாவின் திரையில் பக்கத்தில் பக்கத்தில் திறந்திருக்கும். இவள் ஒன்றை மூடித்தான் இன்னொன்றைத் திறக்க வேண்டும். பெனிஷா சீக்கிரமே முடித்துவிட்டுச் சாயங்காலத்து முதல் பஸ்ஸிலேயே கிளம்பிவிடுவாள். ஜன்னலில் நிற்கும் டிரைவர்கள் எட்டிப் பார்த்து, டிவி மாதிரி கீதே என்பார்கள். பாழாக்கினவளுக்குப் புதுசு, பாதுகாத்தவளுக்குப் பழசு. பெனிஷா போனில் யாரிடமோ சிரித்தால்கூடத் தன்னை நினைத்துத்தான் சிரிக்கிறாள் என்று தோன்றியது.

கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வரும் வியாசர்பாடிப் பையன் அறிவிடம், அணைக்காமலே விட்டால் திரை சீக்கிரம் போய்விடுமா என்று பேச்சுவாக்கில் கேட்டாள். வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், அணைப்பதுதான் நல்லது, ஆனால் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றான்.

அவள் அணைப்பதை நிறுத்தினாள். தானாக அணைகிற வசதியையும் எடுத்துவிட்டு, வெளிச்சத்தை முழுதாகக் கூட்டினாள். பழக்கத்தில் பொத்தானுக்குப் போகிற விரலை மடக்கிக்கொண்டாள். சனிக்கிழமைகளில் கடைசி ஆளாகக் கிளம்பி, திரையை எரியவிட்டுக் கதவைப் பூட்டினாள். திங்கட்கிழமை வந்து பார்த்தால் அது கொஞ்சமும் வாடாமல் எரிந்துகொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதோ அவசர வேலையாக வந்த வேதமாணிக்கம் அதைப் பார்த்துவிட்டார். ஜோதிகாவின் மேஜைதான், ஆனாலும் ஜோதிகா அப்படிச் செய்வாள் என்று அவரால் நினைக்கவே முடியவில்லை. மறுநாள் நேராக பெனிஷாவிடம் வந்தார். தன்னுடையதைக் கெடுத்தது போதாமல் அடுத்தவள் சீட்டில் உட்கார்ந்து அதையும் கெடுக்கிறாயா என்று டிரைவர்கள் முன்னால் கேட்டார். ஜோதிகா வாயைத் திறக்கவில்லை.

பெனிஷா ஒரு கணம் அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, “ஆமா சார், நான்தான். மறந்துட்டேன்” என்றாள்.

பொருளின் அருமை தெரிந்தவளிடம் நல்ல பொருள் இருக்கட்டும் என்று வேதமாணிக்கம் இரண்டு மானிட்டர்களையும் மாற்றி வைக்கச் சொன்னார். பெரிய திரை ஜோதிகாவின் மேஜைக்கு வந்தது.

மத்தியானம் தண்ணீர் பிடிக்கும் இடத்தில், ஏன் அப்படிச் சொன்னாய் என்று ஜோதிகா கேட்டாள்.

“நீங்க வெளிச்சம் ஏத்தினப்பவே பாத்துகினுதான் இருந்தேன்க்கா. எனக்குத் திட்டு வாங்கிப் பழகிடுச்சி. நீங்க இதுவரிக்கும் ஒரு தபா கூட வாங்கினது இல்ல. தாங்க மாட்டீங்க.”

அந்தக் கடைசி வார்த்தை ஜோதிகாவைக் குத்தியது. ஆசைப்பட்ட திரை எதிரில் இருந்தும் அவளால் வேலையில் மனம் செலுத்த முடியவில்லை. மங்கலான பழைய திரைக்கு முன்னால் பெனிஷா எதுவுமே நடக்காத மாதிரி தட்டிக்கொண்டிருந்தாள். இப்படி இருக்க இவளால் எப்படி முடிகிறது என்று இப்போது அதற்கும் பொறாமையாக இருந்தது. புதன்கிழமை ஜோதிகா மேனேஜர் அறைக்குப் போய், திரையை எரியவிட்டது தான்தான் என்று சொல்லிவிட்டாள். உண்மை பேசும் ஆசை ஒன்றும் அவளுக்கு வந்துவிடவில்லை. பெனிஷா பெரிய மனசுக்காரியாக இருப்பதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

“அந்தப் பொண்ணு உனக்காகவா பேச்சு வாங்கிச்சு?” என்றார் வேதமாணிக்கம். அவர் குரலில் கோபத்தைவிட வியப்புதான் அதிகம் இருந்தது. ஜோதிகா கேட்க விரும்பாததும் அதுதான். மானிட்டர்களைப் பழையபடி மாற்றச் சொன்னார். இந்த வருடம் யாருக்கும் புதுசு கிடையாது என்றும் சொல்லிவிட்டார்.

வயர்களைக் கழற்றும்போது பெனிஷா முகம் சிறுத்துப்போயிருந்தது. “உங்களுக்காவ பொய் சொன்னேன். இப்ப சாரு என்னைப் பொய்க்காரின்னுதானக்கா நினைப்பாரு?” என்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும் ஜோதிகாவுக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம் எழுந்தது. அதை உணர்ந்ததும் தன்மேலேயே அருவருப்பு வந்தது. மன்னித்துக்கொள் என்றாள். பெனிஷா வயரைச் சுருட்டி மேஜைமேல் வைத்துவிட்டுத் தன் சீட்டுக்குப் போனாள்.

சில நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகத்திலிருந்து ஒரே நேரத்தில் லாரிகள் வந்து குவிந்த ஒரு காலையில், ஜோதிகா பட்டியல்களை மாற்றி மாற்றித் திறந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு திணறினாள். ஜன்னலில் டிரைவர்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள்.

“இங்க வாங்கக்கா. ரெண்டும் இதுலயே கீது” என்று பெனிஷா தன் நாற்காலியை ஓரமாக நகர்த்தினாள்.

ஜோதிகா தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. பொறாமை முழுதாகப் போய்விடவில்லை. பெனிஷா பெட்டி எண்களை ஒவ்வொன்றாக வாசிக்க, இவள் லாரிகளைப் பதிய ஆரம்பித்தாள்.