முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள்

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவிக்கு ஒரு வித்தை தெரியும் என்று அந்தத் தெரு முழுக்கப் பேச்சு. கணவர் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், அன்றைக்கு எத்தனை டீ குடித்தார், பன் தின்றாரா, இருமல் மிட்டாய் வாங்கினாரா என்பதையெல்லாம் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அதனால் தெருவில் கண்ணாடிக்காரம்மா என்று பெயர். "எனக்கு மட்டும் அவங்க கண்ணு இருந்தா உங்க வண்டவாளம் எல்லாம் தண்டவாளம் ஏறியிருக்கும்" என்று மற்ற பெண்கள் தங்கள் கணவர்களை மிரட்டுவதுண்டு.

வித்தையாவது ஒன்றாவது! எல்லாம் பாங்கிலிருந்து வருகிற மெசேஜ்.

மெக்கானிக் சம்பளக் கணக்கு தொடங்கிய வாரம் அவருடைய போன் லிஃப்ட் குழிக்குள் விழுந்து தூள்தூளாகிப் போயிருந்தது. படிவத்தில் மனைவியின் நம்பரை எழுதிக் கொடுத்தார். எழுதியதோடு மறந்தும் போனார். அதற்கப்புறம் அவர் எந்தக் கடையில் கார்டை நீட்டினாலும், ஊரின் இன்னொரு மூலையில், கண்ணாடிக் கடை மேஜை டிராயருக்குள் அவள் போன் ஒருமுறை முனகும். கடையின் பெயர், நேரம், தொகை எல்லாம் வந்துவிடும். ஒன்பது என்றால் ஒரு டீ. பதினாறு என்றால் டீயும் பன்னும். பதினெட்டு என்றால் கூட யாரோ இருக்கிறார்கள்.

அவள் ஏமாற்ற வேண்டும் என்று நினைத்தவளே இல்லை. முதல் நாள் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"இன்னிக்கு ரெண்டு டீ போல. கூட யாரு வந்தாங்க?"

மெக்கானிக் கழற்றிய சட்டையோடு அப்படியே நின்றுவிட்டார். "நான் சொல்லவே இல்லையே! மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிட்டியா?"

அவர் கண்கள் அகலமாக விரிந்திருந்தன. கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவர் அவளை அப்படிப் பார்த்ததே கிடையாது. கல்யாண மேடையில்கூட முந்தின நாள் நைட் ஷிஃப்டின் தூக்கக் கலக்கத்தில் கொட்டாவியை அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். இப்போது ஓர் ஆள் வாயைப் பிளந்துகொண்டு தன்னை அதிசயமாகப் பார்க்கும்போது, "மெசேஜ் வந்துச்சுங்க" என்று சொல்ல எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டாள். விழுங்கியது ஒன்பது வருடமாக உள்ளேயே கிடந்தது.

நாளாக ஆக அவளும் இதில் ருசி கண்டுவிட்டாள். அவர் வந்ததும் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்புவாள். கண்ணைச் சுருக்குவாள். "ம்... மதியம் சரியாச் சாப்பிடல. நாலு மணிக்கு பன்" என்பாள். அவர் சின்னக் குழந்தை மாதிரிச் சிரிப்பார். இருமல் மிட்டாய் வாங்கிய நாளில் வீட்டில் வெந்நீர் காத்திருக்கும். இதையெல்லாம் அவர் வேலையிடத்தில் போய்ப் பெருமையடிக்க, புகழ் மாடி மாடியாக ஏறியது.

அப்படி இருக்கையில் ஒரு மாலை, டீக்கடையிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது. தொகை நூற்று அறுபது.

'பத்துப் பேருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார் மகராஜா' என்று அவள் கணக்குப் போட்டாள். அன்றைக்குத் தாடையைப் பிடித்துத் திருப்பியதும், "என்ன, இன்னிக்கு எல்லாருக்கும் உங்க செலவா?" என்றாள்.

மெக்கானிக்கின் முகம் ஒரு கணம் வெளுத்தது. "ஆமா... பசங்க கேட்டாங்க" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். வழக்கமான அந்தச் சிரிப்பு வரவில்லை. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் ஏடிஎம்மிலிருந்து மொத்தமாகப் பணம் எடுத்ததாக ஒரு மெசேஜ். அதோடு சரி. அடுத்த நாள் போன் முனகவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஒரு வாரம் கழிந்தது, இரண்டு வாரம் ஆனது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டது கண்ணாடிக்காரம்மாவுக்கு. அவர் டீ குடித்தாரா, பட்டினி கிடந்தாரா, இருமினாரா, ஒன்றும் தெரியவில்லை.

'ஏன் கார்டைத் தொடுவதே இல்லை?' என்று கேட்டுவிடலாம். ஆனால் அவர் கார்டைத் தொடவில்லை என்பது இவளுக்கு எப்படித் தெரியும்? அந்தக் கேள்வி வந்தால் ஒன்பது வருடக் கதையும் வெளியே வந்துவிடும். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? பல்லைக் கடித்துக்கொண்டு குத்துமதிப்பாகச் சொல்லிப் பார்த்தாள்.

"இன்னிக்கு லெமன் ஜூஸ்?"

"ஆமா."

"பன் வேண்டாம்னு பிஸ்கட் சாப்பிட்டீங்க."

"கரெக்ட்டு."

எதைச் சொன்னாலும் ஆமாம். அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே இருந்த பேக்கரியை மூடிப் பூட்டி இரண்டு மாதமாகிறது. ஒருநாள் வேண்டுமென்றே, "அந்தத் தொட்டி எதிர்ல பேக்கரியில கேக்கு சாப்பிட்டிருக்கீங்க" என்றாள்.

"எப்படித்தான் கண்டுபிடிக்கிறியோ!" என்றார் மெக்கானிக், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது. இந்த மனுஷன் எதையோ மறைக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தெரியாத ஆள் அவர். பதினைந்து வருடத்தில் அவளிடம் மறைத்தது என்று ஒன்று இருந்ததே இல்லை. கார்டை விட்டுவிட்டு ரொக்கமாகச் செலவு செய்கிற ஆண்பிள்ளைகளைப் பற்றிக் கடையில் கூட வேலை செய்கிறவள் சொன்ன கதைகள் ஒன்றும் நல்ல கதைகள் இல்லை. அவள் அதையெல்லாம் நம்பவில்லை. நம்பாவிட்டாலும் சோறு இறங்கவில்லை.

போன் முனகாததால் வேறு வழியில்லாமல் அவரையே பார்க்க ஆரம்பித்தாள். தாடையைப் பிடிக்கிற நாடகமெல்லாம் இல்லாமல், அவருக்குத் தெரியாமல், நிஜமாகவே பார்த்தாள். இடது புருவத்தில் ஒரு கீறல் இருந்தது. முழங்காலுக்குக் கீழே பழைய நீலத்தழும்பின் மேல் புதிதாக இன்னொன்று. டம்ளரை மேஜையில் வைக்கும்போது விளிம்பை ஒரு விரலால் தேடிவிட்டு வைத்தார். இதெல்லாம் எப்போதிலிருந்து என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் காய்கறி வாங்கப் போனார்கள். தக்காளிக்காரி தொகையைச் சொன்னதும் மெக்கானிக் பையிலிருந்து ஒரு நோட்டை உருவினார். அதைப் பார்க்கவில்லை. ஒரு முனையை நடுவிரல் நுனியில் வைத்து, மறுமுனை உள்ளங்கையில் எங்கே வந்து முடிகிறது என்று கட்டைவிரலால் தடவினார். சின்ன நோட்டு உள்ளங்கை நடுவோடு நின்றுவிடும். பெரிய நோட்டு மணிக்கட்டுப் பக்கம் இறங்கும். இறங்கியது. அதைத் திரும்ப வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். மீதிச் சில்லறையை வாங்கும்போது மோவாயைத் தூக்கி, தலையை இடதுபக்கம் சாய்த்து, தக்காளிக்காரியின் கையை ஓரக்கண்ணால் பார்த்தார்.

அவள் கையிலிருந்த பை நழுவித் தக்காளி உருண்டது.

அந்தச் சாய்வை அவளுக்குத் தெரியும். கடை வாசற்படி ஏறும்போதே இப்படித் தலையைச் சாய்த்துக்கொண்டு வருகிறவர்கள் ஒரு நாளைக்கு நாலைந்து பேராவது உண்டு. அவர்களைக் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைப்பதே அவள்தான். ஊரார் கண்ணையெல்லாம் பார்த்தவள், வீட்டில் இருக்கிற கண்ணைக் கோட்டைவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும், "இன்னிக்கு என்ன தேதி, பாருங்க" என்றாள்.

மெக்கானிக் எழுந்து சுவரோரம் போய், காலண்டரில் மூக்கு இடிக்கிற அளவுக்கு நின்றார். "இந்த வருஷக் காலண்டர்ல எழுத்து ரொம்பச் சின்னதாப் போட்டுட்டான்" என்றார்.

தேதி உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது.

"எத்தனை நாளா இப்படி?" என்றாள்.

அவர் திரும்பவில்லை. காலண்டரிடமே சொன்னார். "அஞ்சாறு மாசமா. பனி மூடின மாதிரி. அன்னிக்கு டீக்கடைப் பையன் மெஷினை நீட்டினான். அதுல என்ன போட்டிருக்குன்னே தெரியல. பாக்கற மாதிரிப் பாத்துட்டு ரகசிய நம்பரை அமுக்கிட்டேன். பதினாறுக்கு அவன் தெரியாம ஒரு சைபர் கூடப் போட்டிருக்கான். 'என்னண்ணே, பாக்காமலா அமுக்கினீங்க?'ன்னு அவனே மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தான். பத்துப் பேர் பாத்தாங்க. மானம் போச்சு. நோட்டுன்னா கையே சொல்லிடும். அதான் கார்டை விட்டுட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா வேலைக்கு விடுவியா? கண்ணு தெரியாதவனை எவன் லிஃப்ட் மேல ஏத்துவான்? எனக்கு வேற என்ன தெரியும்? நீ எப்படியும் மூஞ்சியப் பாத்துக் கண்டுபிடிச்சிடுவேன்னு தினமும் பயந்துக்கிட்டேதான் வந்தேன். அதான் நீ என்ன சொன்னாலும் ஆமான்னு சொல்லித் தப்பிச்சேன்."

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. அவரைத் திருப்பி நாற்காலியில் உட்கார வைத்தாள். போனை எடுத்து அவர் மடியில் போட்டாள். ஒன்பது வருடக் கதையையும் கொட்டிவிட்டாள். ஒன்பது, பதினாறு, பதினெட்டு, இருமல் மிட்டாய் எல்லாவற்றையும்.

மெக்கானிக் போனைத் தடவிப் பார்த்தார்.

"அப்ப, என் மூஞ்சியில உனக்கு ஒண்ணுமே தெரியலையா?" என்றார்.

திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது அவளுக்கு. "நான் உங்க மூஞ்சியைப் பாக்கவே இல்லீங்க. போனைத்தான் பாத்துட்டிருந்தேன்" என்று சொல்லி அழுதாள். "பாத்திருந்தா ஆறு மாசத்துக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும். நீங்க அந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு உசரத்துல தொங்கிட்டிருந்தீங்க, நான் இங்க பன்னை எண்ணிட்டிருந்தேன்."

"இன்னிக்குக் கண்டுபிடிச்சது?"

"இன்னிக்கு எந்த மெசேஜும் வரல."

அவர் கையை நீட்டித் துழாவி அவள் தலையைத் தொட்டார். "அப்ப வித்தை இருக்கு. இத்தனை நாள் சோம்பேறித்தனம், அவ்வளவுதான்" என்றார். அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பும் வந்தது.

மறுநாள் அவரே ஆபீஸுக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னார். மேலதிகாரி, "உசுரு போனா யாருய்யா பதில் சொல்றது?" என்று காது கிழியக் கத்திவிட்டு, கண் சரியாகும்வரை லீவு கொடுத்தார். கண்ணாடிக் கடைக்கு வருகிற டாக்டர் டார்ச்சை அடித்துப் பார்த்து, "புரைதான். சீக்கிரமே வந்திருக்கு. எடுத்துட்டா பழையபடி லிஃப்ட் மேல ஏறலாம்" என்றார். அந்த வார்த்தைக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது அவளுக்கு.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். ஆஸ்பத்திரி கவுண்டரில் மெக்கானிக்கின் கார்டை அவளே நீட்டினாள். மெஷினில் தெரிந்த தொகையை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் நம்பரை அமுக்கினாள். கைப்பைக்குள் போன் முனகியது. அவள் எடுத்துப் பார்க்கவில்லை.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலையில் நர்ஸ் வந்து கண் கட்டைப் பிரித்தாள். மெக்கானிக் கண்ணைக் கொட்டினார், கூசினார், மறுபடி கொட்டினார். ஜன்னலைப் பார்த்தார். நர்ஸின் சட்டைப் பையில் செருகியிருந்த பேனாவைப் பார்த்தார். பிறகு கட்டிலோரம் நின்றவள் பக்கம் திரும்பினார். திரும்பியவர் பார்வையை எடுக்கவில்லை.

"என்ன அப்படிப் பாக்கறீங்க?" என்றாள் அவள், தலைமுடியைச் சரி செய்துகொண்டு.

அவர் அவளுடைய தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கமாகத் திருப்பினார். கண்ணைச் சுருக்கினார்.

"ம்... மூணு நாளா நீ தூங்கல" என்றார். "ராத்திரி வராண்டாவுல உக்காந்து அழுதிருக்க. காலையிலேருந்து ஒரு டீகூடக் குடிக்கல."

மூன்றும் சரி. அவருக்கு எந்த மெசேஜும் வந்திருக்கவில்லை.