பில்லில் வந்த இரண்டாவது குழந்தை

ரோண்டா பிக்கெட்டின் இரண்டாவது மகள் வயிற்றிலிருந்து வரவில்லை, மருத்துவமனை அனுப்பிய பில்லிலிருந்து வந்தாள். இது நடந்தது 2009 மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, ஒஹாயோவில் எங்கள் லார்க்பரோவில். அந்த வாரம் பெட்ரோல் காலன் இரண்டு டாலருக்குக் கீழே இறங்கியிருந்தது.

ஜனவரியில் ரோண்டா பெற்றது ஒரே ஒரு பெண்ணை, ஷெல்பியை. பில்லில் இருந்ததோ இரண்டு குழந்தைகள். இரண்டாவது குழந்தைக்கு மூன்று இரவு தொட்டில் வாடகை, செவித்திறன் சோதனை, மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கு, கோடு போட்ட தொப்பி ஒன்று, மொத்தம் பதினோராயிரத்து நாற்பது டாலர். காப்பீட்டுக் கம்பெனி ஷெல்பிக்குப் பணம் கட்டிவிட்டு, அப்படி ஒரு இரண்டாவது குழந்தையே கிடையாது என்று மீதியைத் திருப்பிவிட்டது. ரோண்டா மருத்துவமனைக்குப் போன் போட்டாள்.

"எனக்கு ஒண்ணுதாங்க பொறந்துச்சு. பெத்தவளுக்குத் தெரியாதா?"

"சிஸ்டத்துல ரெண்டு காட்டுது மேடம்," என்றாள் பில்லிங் பெண். "நல்லா யோசிச்சுப் பாருங்க."

சிவப்பு எழுத்தில் மூன்றாவது நினைவூட்டல் வந்த அன்று, தொட்டிலில் ஷெல்பிக்குப் பக்கத்தில் இன்னொரு குழந்தை படுத்திருந்தது. தலையில் கோடு போட்ட தொப்பி, மணிக்கட்டில் 'குழந்தை 2' என்று அச்சிட்ட பட்டை. சோதித்த குழந்தை அல்லவா, காது அபாரமாகக் கேட்டது. பால் பவுடர் டப்பாவை அடுத்த அறையில் திறந்தால்கூடத் திரும்பிப் பார்த்தது.

எங்கள் ஊரில் தெரியாத எண்ணிலிருந்து வரும் போனை யாரும் எடுப்பதில்லை. இலவசமாக வரும் எதையும் வீட்டுக்குள் விடுவதுமில்லை. அப்படியிருக்க ஒரு முழுக் குழந்தையை எப்படி நம்புவது? ரோண்டாவின் கணவன் டுவெய்ன் நம்பவே இல்லை. டயர் தொழிற்சாலை வேலைக்கு ஆள் எடுக்கும்போது சொன்ன வாக்கையும், ஆளைக் குறைக்கும்போது சொன்ன வாக்கையும் கேட்டுக் கேட்டு, வானிலை அறிக்கையில்கூட யாருக்கு லாபம் என்று பார்க்கிற மனிதன் அவன். குழந்தையை வைத்துக்கொண்டால் பில்லை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும், அதற்காகவே அனுப்பியிருக்கிறார்கள் என்பது அவன் கட்சி. டாலர் கடையில் கல்லாவில் நிற்கும் கிளாரிஸ் ஓக்லியும் அதையே சொன்னாள்.

"ஒத்த டாலர் கூடக் கட்டிராத ரோண்டா. போன்ல 'ஆமா'ன்னு கூடச் சொல்லிராத. ரெக்கார்ட் பண்ணி வச்சுக்குவானுங்க."

"அப்ப பிள்ளைய என்ன பண்றது?"

"பாலக் குடு. கையெழுத்து மட்டும் போட்டுராத."

ரோண்டா அந்தக் குழந்தைக்கு மேவிஸ் என்று பெயர் வைத்தாள். டுவெய்ன் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை, 'அந்த ரெண்டாவது' என்பான். பில், கடன் வசூல் கம்பெனி ஒன்றுக்குக் கைமாறியது. நம்பிக் கடன் கொடுக்கலாமா என்று சொல்லும் கிரெடிட் ஸ்கோர் ரோண்டா வீட்டுக்கு ஐந்நூற்று நாற்பதுக்கு விழுந்தது. கார் கடனுக்கு வட்டி பத்தொன்பது சதவீதம். மின்சார இணைப்புக்கே முன்பணம் கேட்டார்கள். போன் மணி அடித்தால் மேவிஸ் எங்கிருந்தாலும் ஓடி வந்து அதன் முன் நிற்பாள். உளவு பார்க்கிறாள் என்றான் டுவெய்ன். எங்களில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்தோம், நானும்தான். இன்று அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மேவிஸ் மழலைப் பள்ளியில் சேர்ந்தபோது பிறப்புச் சான்றிதழ் இல்லை. ரோண்டா அந்தப் பில்லையே நீட்டினாள், மருத்துவமனை முத்திரை இருந்ததால் அவர்களும் வாங்கிக்கொண்டார்கள்.

2013 நவம்பரில் மில் தெருவில் ஒரு வீடு விலைக்கு வந்தது. மஞ்சள் பலகைச் சுவர், மூன்று படுக்கையறை, பின்பக்கம் டுவெய்ன் ஆசைப்பட்ட பட்டறை. கிரெடிட் அறிக்கையில் கட்டாத கடன் என்று இருக்கும் அந்த ஒரு பதிவு மட்டும் போய்விட்டால் கடன் கொடுத்துவிடலாம் என்றாள் வங்கிப் பெண். டுவெய்ன் சமையல் மேசையில் உட்கார்ந்து ஸ்கோர் போடும் கிரெடிட் நிறுவனத்துக்கு மறுப்புக் கடிதம் எழுதினான்: எங்களுக்கு இரண்டாவது குழந்தை கிடையாது, இந்தக் கடன் எங்களுடையது அல்ல. வசூல் கம்பெனி முப்பது நாளுக்குள் நிரூபிக்காவிட்டால் பதிவை அழித்தாக வேண்டும். அந்தக் கம்பெனியோ இரண்டு முறை கைமாறி, காகிதங்களைத் தொலைத்திருந்தது. பில்லின் ஒரே பிரதி ரோண்டாவின் அலமாரியில் இருந்தது.

கடிதம் போன ஒன்பதாம் நாள் மேவிஸின் மணிக்கட்டுப் பட்டையில் எழுத்து மங்கியது. பதினைந்தாம் நாள் அவள் கிண்ணத்தில் பாலில் போட்ட தானியம் குறையவில்லை, கரண்டி மட்டும் போய்ப் போய் வந்தது. இருபதாம் நாள் முதல் பனி விழுந்தது. இரண்டு பெண்களும் முற்றத்தில் ஓடி விளையாடினார்கள், பனியில் விழுந்ததோ ஷெல்பியின் காலடி மட்டும்தான். டுவெய்ன் ஜன்னலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அந்தப் பட்டறைக்கு ஏற்கெனவே அளவெடுத்துவிட்டான் என்பது ரோண்டாவுக்குத் தெரியும்.

இருபத்துமூன்றாம் நாள் டாலர் கடை வாசலில் காருக்குள் உட்கார்ந்து, அவளே வசூல் கம்பெனியைக் கூப்பிட்டாள். கணக்கு எண்ணைச் சொல்லி, "அந்தக் கடன் எங்களோடதுதான். நான் ஒத்துக்கிறேன்," என்றாள்.

"இதுல ஏதும் ஏமாத்து வேலை இல்லையே மேடம்?" என்றான் மறுமுனையில் இருந்த ஊழியன். "பதினோரு வருஷமா இந்த சீட்ல இருக்கேன். தானா கூப்பிட்டு ஒத்துக்கிட்டவங்க யாருமே இல்ல. இன்னிக்கி மட்டும் ஒரே கணக்குக்கு ரெண்டு பேரு."

"ரெண்டு பேரா?"

"காலைல ஒருத்தர் கூப்பிட்டாரு. டுவெய்ன் பிக்கெட். பத்து டாலர் கட்டிட்டாரு. கால் ரெக்கார்ட் ஆகுதுன்னு நான் சொன்னதும், 'நல்லா ரெக்கார்ட் பண்ணிக்கோ. மேவிஸ் பிக்கெட், என் பொண்ணு'ன்னாரு. மூணு தடவ சொன்னாரு மேடம்."

ரோண்டா காரிலேயே உட்கார்ந்து அழுதாள். கிளாரிஸ் வெளியே வந்து விஷயத்தைக் கேட்டு, "சொன்னேன்ல, ஒத்துக்காதன்னு," என்று திட்டிக்கொண்டே காகிதக் கைக்குட்டை கொடுத்தாள். மில் தெரு வீட்டை ஒரு பல்மருத்துவர் வாங்கிக்கொண்டார். அன்று மாலை மேவிஸ் இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள்.

ஏழு ஆண்டு முடிந்ததும் சட்டப்படி அந்தப் பதிவு தானாகவே உதிர்ந்தது. அன்று டுவெய்ன் வேலைக்குப் போகாமல் மேவிஸின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். மாதாமாதம் கட்டிய ரசீதுகள் இருந்ததால் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு வசூல் கம்பெனியே கூப்பிட்டு, மூவாயிரம் மொத்தமாகக் கட்டினால் மீதியைத் தள்ளிக் கணக்கை மூடிவிடுகிறோம் என்றது. அப்போது அவன் கையில் பணம் இருந்தது. மூடிய கணக்கிலிருந்து வந்தவளுக்கு என்ன ஆகும் என்று எவன் உத்தரவாதம் தருவான்? டுவெய்ன் போனை வைத்துவிட்டான்.

இப்போதும் மாதம் பத்து டாலர்தான். அதற்கு மேல் ஒரு காசு கட்ட மாட்டான். அஞ்சல் நிலையத்தில் வரிசையில் நின்று பணவிடை எடுத்து, ரசீதைச் சரிபார்த்து மடித்துப் பைக்குள் வைப்பான். கடன் எப்போது தீரும் என்று ஒருமுறை அவனிடம் கேட்டேன். அவன் கணக்குப் போட்டு வைத்திருந்தான். இந்த வேகத்தில் கடைசித் தவணை கட்டும்போது மேவிஸுக்குத் தொண்ணூற்றாறு வயது ஆகியிருக்கும்.

"அது போதும்," என்றான்.