சுண்டுவிரல் சோதனை

பைத்தியக்கார வேஷம் போடுகிறவனை நான் ஒரே ஒரு பொய்யைச் சொல்லிப் பிடித்துவிடுவேன். அந்த மிதப்பு எனக்கு நிறையவே இருந்தது.

1979இல் சங்கரன்கோவிலில் நான் டாக்டராக இருந்த ஆஸ்பத்திரிக்கு மூக்காண்டியைக் கொண்டுவந்தார்கள். பனவடலிசத்திரத்துக்காரன். சொந்த அண்ணன் சண்முகையாவை வெட்டிக் கொன்றவன். செத்த அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசுவதாகச் சொன்னான். நிஜமாகவே புத்தி பேதலித்திருக்கிறதா, நடிக்கிறானா என்று கோர்ட்டுக்கு நான் எழுதித் தர வேண்டும். நடிப்பு என்றால் அவனுக்குத் தூக்குதான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவனைப் பூட்டிவைத்திருந்த அறையின் ஜன்னலோரம் நின்றேன். உள்ளே தலையோடு போர்த்திக்கொண்டு ஓர் உருவம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. அதன் காதில் விழும்படி கம்பவுண்டரிடம், "நிஜப் பைத்தியத்துக்கு இடது சுண்டுவிரல் மரத்துப்போகும், தாவூது. குத்தினாலும் தெரியாது" என்றேன். அப்படி ஒரு நோய்க்குறி எந்தப் புத்தகத்திலும் கிடையாது. போர்வை லேசாக அசைந்தது.

மறுநாள் மூக்காண்டி தானாகவே இடது கையை நீட்டினான். "சுண்டுவிரல் செத்துப்போச்சு, சார்."

ஊசியால் குத்தினேன். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான்; கண்ணில் நீர் முட்டியது. 'நடிப்பு' என்று எழுதினேன். கோர்ட்டிலும் அதையே சொன்னேன். தூக்கு விழுந்தது.

தீர்ப்புக்குப் பிறகு, ஆஸ்பத்திரியில் மூக்காண்டிக்குக் காவல் இருந்த ஏட்டு இசக்கிப்பாண்டி வந்து கையைப் பிசைந்தார்.

"ஒரு தப்பு பண்ணிட்டேன், சார். அன்னைக்கு வெள்ளிக்கிழமை அவன் பொண்டாட்டி அழுதா. பாவமா இருந்துச்சு. உங்ககிட்ட சொல்லாம, கோமதியம்மன் சன்னதி முன்னால சக்கரக் குழியில அவனை உக்கார வச்சேன். புத்தி கலங்குனவங்களை அங்கனதான உக்கார வைப்போம். காலைல பூரா கோயில்லதான் இருந்தான்."

"அப்போ அறையில படுத்திருந்தது யாரு?"

"யாருமில்ல, சார். பூட்டித்தான கிடந்துச்சு. சாவி என் இடுப்புல இருந்துச்சு."

நான் சொன்ன பொய்யைக் கேட்ட வேறு ஆள் தாவூது மட்டும்தான். அவரோ என்னிடம் பேசிய கையோடு சிவகிரி பஸ் ஏறியவர். மூன்று நாள் கழித்துத்தான் திரும்பினார். ஜெயிலுக்கு ஓடினேன்.

"சுண்டுவிரல் சங்கதியை உனக்கு யார் சொன்னது?"

"அண்ணன்தான், சார். 'டாக்டர்கிட்ட இப்படிச் சொல்லுலே, பொழச்சுக்கிடுவ'ன்னான். வெட்டுனதை மன்னிச்சிட்டாம்னு நெனச்சேன்."

"இப்ப என்ன சொல்றான்?"

மூக்காண்டி தன் பக்கத்தில் வெறும் தரையைத் திரும்பிப் பார்த்தான்.

"ஒண்ணும் பேச மாட்டுக்கான், சார். தீர்ப்பு சொன்னதுலேருந்து சிரிச்சுக்கிட்டே இருக்கான்."