எந்தப் பக்கம் மேல்?

ஃபிர்தௌஸ் ஐஸ் பெட்டியைத் திறந்தாள். உருகிய தண்ணீரில் இரண்டு காகிதச் சீட்டுகள் மிதந்தன. ஒன்றில் ‘மேல்’, இன்னொன்றில் ‘கீழ்’. உள்ளே இருந்த சேற்றுக் குழாயின் இரு முனைகளிலிருந்தும் கழன்று விழுந்தவை. குழாயிலேயே எழுதியிருக்க வேண்டும். படகில் மார்க்கர் கடலுக்குள் விழுந்துவிட்டதால், பென்சிலால் சீட்டெழுதி ஒட்டியது அவள்தான்.

பாலாறு கடலில் சேரும் இடத்துக்கு வெளியே, கடலடியில் செங்குத்தாக இறக்கி எடுத்த நாற்பது சென்டிமீட்டர் சேறு அந்தக் குழாய்க்குள் இருந்தது. சேற்றில் கலந்திருக்கும் மக்கில், அதாவது செடியும் உயிர்களும் மக்கி மிஞ்சிய கார்பன் பொருளில், ஆறு கொண்டுவந்தது எவ்வளவு, கடலிலேயே உண்டானது எவ்வளவு, ஆழம் போகப்போக அதில் மிஞ்சுவது எவ்வளவு என்பதுதான் அவள் ஆராய்ச்சி. தலைகால் தெரியாத சேற்றை வைத்து எதையும் சொல்ல முடியாது. மறுபடி படகு கிடைக்க ஒரு வருஷம் ஆகும்.

வேலூர்க் கல்லூரி ஆய்வகத்தில் அவளோடு படிக்கும் ஜான்சன் எட்டிப் பார்த்தான்.

“இன்னாத்துக்கு பேஜாராவுற? ரெண்டு முனையிலயும் கார்பன் அளந்து பாரு. ஜாஸ்தி இருக்கிற பக்கம் மேல், கம்மியா இருந்தா கீழ். யாருக்குத் தெரியப்போவுது?”

“கீழ போகப்போக கம்மியாவுதான்னுதான் நான் கண்டுபிடிக்கணும். அதையே வெச்சு மேல் கீழ் முடிவு பண்ணிட்டா அப்புறம் ஆராய்ச்சி எதுக்கு?”

நேரே பேராசிரியை அம்பிகாவிடம் போய் நடந்ததைச் சொன்னாள். திட்டு விழும் என்று நினைத்தாள்.

“குழாயைப் பிளந்து பாத்தியா?”

“இல்ல மேடம்.”

“முதல்ல பிள. சேத்துல தடயம் இருக்கும். இல்லன்னா இதை விட்டுடலாம், பொய் எழுத வேணாம்.”

ஜான்சன் குழாயை நீளவாக்கில் அறுத்தான். ஃபிர்தௌஸ் நைலான் நூலால் சேற்றை இரண்டாக வகிர்ந்தாள். கன்னங்கரேலென்ற சேற்றின் நடுவே இரண்டு விரற்கடை அகலத்தில் வெளிறிய பட்டை. அதன் ஒரு ஓரம் பருமணல். அங்கிருந்து மெல்ல மெல்லப் பொடிமணலாகி, மறு ஓரத்தில் வழவழவென்ற களிமண். களிமண்ணில் நரம்புகூடச் சிதையாத இலைத்துணுக்குகள் ஒட்டியிருந்தன.

“வெள்ளம்!” என்றாள். ஏதோ ஒரு பெருமழையில் பாலாறு அடித்துக்கொண்டு வந்தது. கனத்த மணல் முதலில் இறங்கியிருக்கிறது, நுண்ணிய மண்ணும் இலையும் கடைசியாக. உடனே மேலே சேறு மூடிக்கொள்ள, காற்றுப்படாமல் இலைகள் மக்காமல் தங்கிவிட்டன. அப்படியானால் மணல் இருக்கும் பக்கம்தான் கீழ்.

அம்பிகா லென்ஸை வைத்து நெடுநேரம் பார்த்தார். “ஒண்ணை மட்டும் நம்பாத. இன்னொண்ணு தேடு.”

அரைச் சாண் தள்ளி, நூலிழை போல இன்னொரு பட்டை இருந்தது. ஃபிர்தௌஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு லென்ஸோடு குனிந்தாள். அதே பக்கம் மணல், மறுபக்கம் களிமண்.

“சரி. வேலையை ஆரம்பி. சீட்டு விழுந்ததையும் ஆய்வேட்டுல எழுதிடு” என்று சொல்லிவிட்டு அம்பிகா போய்விட்டார். ஃபிர்தௌஸ் சேற்றுக் கையோடு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். ஏனென்று தெரியாமல் ஜான்சனும் சிரித்தான்.

சாயங்காலம் ஆம்பூரில் இருக்கும் வீட்டுக்குப் போக பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பள்ளிகொண்டா வருவதற்குள் தூங்கிப்போனாள். கண்டக்டர் தட்டி எழுப்பியபோது ஆம்பூரைத் தாண்டி வாணியம்பாடி வந்திருந்தது.