கடைசிப் பக்கத்துக் குடும்பங்கள்

யார்க்‌ஷயரில் எங்கள் ஊர் ஹாரோபெக். நூறு வருடங்களுக்கு முன்பு ஒரு பள்ளி ஆசிரியர் ஊர் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். அதில் பழைய குடும்பங்களின் பட்டியல் உண்டு. முறையாக மணந்தவர்களின் வழிவந்தவர்கள் முதல் பக்கத்தில். மணமாகாத பெற்றோருக்குப் பிறந்தவர்களின் வழிவந்தவர்கள் கடைசிப் பக்கத்தில். பிண்டர் குடும்பமான நாங்கள் கடைசிப் பக்கம். காரணமும் இருந்தது: எங்கள் மூதாதை தாமஸ் பிண்டருக்கு ஞானஸ்நானம் 1731 பிப்ரவரி 13, பெற்றோர் திருமணம் அதே 1731 மே 9.

என் அப்பா கென் கல்குவாரியில் லாரி ஓட்டுபவர். மதுக்கடையில் டார்ட்ஸ் ஆடும்போது அவர் எறியும் அம்பு பலகையை விட்டு விலகினால், உங்கள் குடும்பத்துக்கே அவசரம் என்பார்கள். அவரும் சிரிப்பார். வீட்டுக்கு வந்தபின் சாப்பிடாமல் படுத்துவிடுவார்.

இந்த ஆண்டு வரலாற்றுக் கழகம் அந்தப் புத்தகத்தை மறுபதிப்பு செய்கிறது. ஒவ்வொரு குடும்பத்திலும் மூத்தவர் தங்கள் பதிவைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அப்பா மறுத்துவிட்டார்.

நான் மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். தேவாலயப் பதிவேட்டின் மூலத்தையே கேட்டு வாங்கினேன். 1731 என்ற தலைப்பின் கீழ் மே மாதத் திருமணம் இருந்தது. ஜூன், அக்டோபர், டிசம்பர். அதன்பிறகுதான் பிப்ரவரி, தாமஸ். தலைப்பு மாறவில்லை. மார்ச் 25 வந்ததும்தான் 1732 என்று எழுதியிருந்தார்கள். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் புது வருடம் அன்றுதான் பிறந்தது. ஆசிரியர் பதிவுகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, ஜனவரியிலிருந்து அடுக்கியிருக்கிறார். அடுக்கியதில் பிள்ளை முந்திவிட்டது.

அப்பாவிடம் சொன்னேன். விரல்விட்டு எண்ணினார்.

"ஒன்பது மாசம் நாலு நாள். நாலு நாள் கூடவே பொறுத்திருக்கான் மனுஷன்."

தேவாலயக் கூடத்தில் வரலாற்றுக் கழகத்தின் கூட்டம். தலைவர் ஃபேரர் நான் எடுத்த புகைப்படங்களை இரண்டு முறை பார்த்தார். தவறுதான் என்று ஒப்புக்கொண்டார். எங்கள் பெயரை முதல் பக்கத்துக்கு மாற்றும்படி செயலாளரிடம் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஷீலா காப் கைதட்டவில்லை. கடைசிப் பக்கத்தில் இன்னும் ஆறு குடும்பங்கள் உண்டு. காப் குடும்பம் அதில் ஒன்று. அவர்கள் பதிவில் பிழை எதுவும் இல்லை. நான் அதையும் பார்த்திருந்தேன்.

பட்டியலை ஒன்றாக்கி அகரவரிசையில் போடலாமே என்று கேட்டேன். மூலப் புத்தகத்தின் அமைப்பை மாற்ற முடியாது என்றார் ஃபேரர்.

கூட்டத்தில் என் குரல் எழும்பாது. அன்றும் பெரிதாக எழும்பவில்லை.

"அப்ப தேதிய மட்டும் திருத்துங்க. பேர் அங்கயே இருக்கட்டும்."

"ஏம்மா, இவ்வளவு பாடுபட்டது அதுக்கா?"

"தேதி தப்பா இருந்துச்சு சார். அதான் வந்தேன். அந்தப் பக்கத்துல இருக்கறது தப்பில்ல."

முன்வரிசையில் யாரோ, பிண்டர்களுக்குப் பழகிவிட்டது போலும் என்றார்கள். சிரிப்பு எழுந்தது. நான் அப்பாவைப் பார்க்கவில்லை. அறுபது வருடம் அவர் பட்டதை ஒரு நிமிடத்தில், அவரைக் கேட்காமலே, விட்டுக்கொடுத்திருந்தேன்.

நாற்காலி நகர்ந்தது. அப்பா மேசைக்குப் போனார். செயலாளர் முதல் பக்கத்தை நீட்டினார்.

"அது இல்லப்பா. மத்தது."

சிரிப்பு நின்றது. காப் குடும்பத்துக்குக் கீழே அவர் கையெழுத்துப் போட்டார். கோட்டுக்குள் அடங்காத பெரிய கையெழுத்து.