சமதூரத்தில் ஒரு வீடு

என் மகளும் மகனும் பேசிக்கொள்வதில்லை. அவர்கள் அப்பா போனபின் மூண்ட சண்டை. காரணம் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அம்மா யார் பக்கம் என்று கேட்டபோது, கணக்கு டீச்சராக இருந்த வாய் சும்மா இருக்குமா? "நான் ரெண்டு பேருக்கும் சமதூரம்" என்றேன்.

நான் நினைத்தது நடுவில். அவர்கள் பார்த்துக் கொடுத்தது ஊரின் கடைசியில் ஒரு அறை வீடு. எந்தப் பிள்ளை வீட்டுக்குப் போகவும் இரண்டு பஸ் மாற வேண்டும். குறை சொல்ல முடியாது. இரண்டு புள்ளிகளுக்குச் சமதூரத்தில் இருப்பது நடுவில்தான் இருக்க வேண்டுமென்பதில்லை, எவ்வளவு வேண்டுமானாலும் தள்ளிப் போகலாம் என்று வருஷா வருஷம் போர்டில் வரைந்து காட்டியவள் நான்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். என்னைத் தட்டக்கூட ஆளில்லை.

கண்ணில் புரை வந்தது. ஆபரேஷனுக்குத் துணைக்கு ஒருவர் வர வேண்டும் என்றார்கள். மகனைக் கூப்பிட்டேன்.

"வரேம்மா. ஆனா அக்கா வந்தா நான் வர மாட்டேன். யாருன்னு நீயே சொல்லிடு."

மகளும் அதையே சொன்னாள். "அவனா, நானா? முடிவு பண்ணும்மா."

ஒருவரைச் சொன்னால் இன்னொருவர் போனதுபோலத்தான். மகனிடம் அக்கா வருகிறாள் என்றேன். மகளிடம் தம்பி வருகிறான் என்றேன். 'இருந்தாலும் நானும் வரேன்' என்று யாராவது ஒருவர் சொல்லிவிட மாட்டார்களா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இருவருமே போனை வைத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்த டாக்ஸிக்காரர் நல்ல மனிதர். துணைக்கு நான் இருக்கிறேன் என்று வெளியே உட்கார்ந்துகொண்டார்.

கட்டுப் போட்டுப் படுக்கவைத்த கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. நர்ஸ் எடுத்துக் காதில் வைத்தாள்.

"முடிஞ்சுதாம்மா? அக்கா பக்கத்துல இருக்காளா?"

"இருக்காப்பா."

"அப்பாடா." மகன் வைத்துவிட்டான்.

அடுத்து மகள். "தம்பி இருக்கானாம்மா?"

"இருக்கான்."

"அப்பாடா."

நர்ஸ் என் கன்னத்தைத் துடைத்தாள். "அழக் கூடாதும்மா, கட்டு நனைஞ்சிடும். வலிக்குதா?"

"இல்லம்மா. என் பிள்ளைங்க ரெண்டு பேரும் ரொம்ப வருஷம் கழிச்சு ஒரே வார்த்தையைச் சொல்லியிருக்காங்க."